பொருந்தாத எண்

அந்தக் கட்டத்துல நாலு வராது சார். அதே வரிசையில கடைசியில ஒரு நாலு கிடக்கு பாருங்க. ஆங், அழிச்சிருங்க.

மன்னிச்சுக்கிடுங்க. பஸ்ஸுல அடுத்த ஆள் பேப்பரை எட்டிப் பாக்கக் கூடாதுன்னு தெரியும். கண்ணு தானா போயிருது. கட்டம் போட்டு எண்ணு இருந்தா, இல்லாட்டி எழுத்தைக் கலைச்சுப் போட்டிருந்தா, என்னால அதைத் தாண்டிப் போக முடியாது. டாக்டர்கிட்ட காட்டுற வியாதி இல்ல, ஆனா வியாதிதான்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. முன்னாடி சொல்லுவா. இப்ப ஒண்ணும் சொல்லுறதில்லை.

நீங்க ராஜபாளையமா? நான் தென்காசி வரைக்கும் போகணும். விடியுறதுக்குள்ள கிளம்பி மதுரைக்கு வந்தேன், இப்பத் திரும்புதேன். உடம்பெல்லாம் அசதி. கண்ணை மூடுனா தூக்கமும் வர மாட்டேங்குது. நீங்க பேப்பரைப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாரேன். காதுல விழுந்தா விழட்டும்.

வீட்டுக்காரி மதுரையில இருக்கா. பேரு உலகம்மாள். நான் உலகுன்னு கூப்பிடுவேன். ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருக்கா. பொண்ணும் அவகூடத்தான். பிரிஞ்செல்லாம் இல்ல சார். மதுரையில ஸ்கூல் நல்லாருக்கு, அதுக்குத்தான். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துட்டுப் போவேன். ஹாஸ்டலுக்குள்ள ஆம்பளைக போகக் கூடாது, முன்னால ஒரு ரூம் இருக்கு, ரெண்டு நாற்காலி. அங்கன உக்காந்து பேசுவோம்.

என் பேரு திருமலைக்குமார். எங்க ஊருல குமாரண்ணேன்னு சொன்னா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு வேலை கூரியர் ஆபீஸ்ல. காலையில ஆறு மணிக்குப் போயி மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் கவரையும் பார்சலையும் ஊர் ஊராப் பிரிச்சு அடுக்குறது. அதுக்கப்புறம் நூலகத்துக்குப் பின்னாடி வேப்பமரத்தடி. அங்க எப்பவும் முப்பது நாப்பது பேர் படிச்சுக்கிட்டு இருப்பாங்க. டிகிரி முடிச்சிட்டு சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதுற கூட்டம். பொது அறிவு, தமிழு, வரலாறு எல்லாம் அவங்கவங்க படிச்சுக்கிடுவாங்க. புதிர்ப் பகுதின்னு ஒண்ணு உண்டு பாத்தீங்களா, எண் வரிசை, ரத்த உறவு, வட்ட மேசையில யாருக்குப் பக்கத்துல யாரு, அதுக்கு மட்டும் என்கிட்ட வருவாங்க. ஒருத்தன் ஒரு போட்டோவைக் காட்டி, 'இவ எங்க அம்மாவோட ஒரே மகனுக்கு மக'ங்கான். போட்டோவுல இருக்கிறவ அவனுக்கு யாருன்னு கேள்வி. நீங்க கேட்டு முடிக்கதுக்குள்ள நான் சொல்லிருவேன். அவன் மகதான். பேனாவே எடுக்க மாட்டேன்.

பதினெட்டு வருசத்துல அந்த மரத்தடியில இருந்து அறுபத்தி மூணு பேர் வேலைக்குப் போயிட்டாங்க சார். நான் மட்டும் போகலை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கேள்வி என்னைப் பிடிச்சு உக்கார வச்சிரும். கேக்கிற ஆளு அரைகுறையாக் கேட்டிருப்பான். அதை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போக மனசு வராது. விட்டுட்டுப் போறவன்தான் பாஸாகுதான். அது என்ன நியாயம்?

உலகு பி.ஏ. படிச்சவ. ஆனா பீடிதான் சுத்தினா. எங்க பக்கம் படிச்ச பிள்ளைகளும் பீடி சுத்தும், அதுல ஒண்ணும் இல்ல. மடியில முறம், முறத்துல இலையும் தூளும், எதுத்தாப்புல செங்கல்ல சாய்ச்சு வச்ச புத்தகம். கை பாட்டுக்குச் சுத்தும். கண்ணு புத்தகத்துல இருக்கும். நடுவுல, 'ஏங்க, இது எப்படிங்க?'ன்னு கேப்பா. நான் போயி உக்காந்து ஒரு கணக்குக்கு அஞ்சு வழி சொல்லுவேன். அவ கையை நிறுத்தாமலே, 'ஒரு வழி போதும், சுருக்கா சொல்லுங்க'ம்பா. ஒரு வழி மட்டும் தெரிஞ்சா அது என்ன அறிவு? உண்மையைச் சொல்லணும்னா அவளுக்குப் புதிர் பிடிபடாது சார். மனப்பாடம் நல்லா பண்ணுவா. நானே நிறைய தடவை அவகிட்ட சொல்லியிருக்கேன். அவளும் ஆமான்னுதான் சொல்லுவா.

இது நடந்து நாலு வருசம் ஆகுது. ஒரு வாரியம், பேரு வேண்டாம், அதுல எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. நாலு வருசத்துக்கு ஒருதடவைதான் எடுப்பாங்க. வயசு வரம்பு நாப்பது. எனக்கு அப்ப முப்பத்தொன்பது, அவளுக்கு முப்பத்தேழு. இதை விட்டா ரெண்டு பேருக்கும் அடுத்தது கிடையாது. அவளுக்கு அதுதான் முதல் தடவையும். பிள்ளை கொஞ்சம் வளந்த பிறகுதான் படிக்கவே உக்காந்தா. எட்டு மாசம் படிச்சா. என்ன படிப்பு! தூளு வாசத்துக்கு நடுவுல வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா பேய் பிடிச்சிருச்சோன்னு கேட்டாங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல்ல சென்டர், வேற வேற ரூம். இருநூறு கேள்வி, மூணு மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்கு. எனக்கு நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. நூத்தி முப்பத்தேழாவது கேள்வி வருது. பொருந்தாத எண்ணைக் கண்டுபிடி. ஒன்பது, பதினாறு, இருபத்தஞ்சு, நாப்பத்தி மூணு.

நீங்க சொல்லுங்க பாப்போம். நாப்பத்தி மூணா? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. மும்மூணு ஒன்பது, நாநாலு பதினாறு, ஐயஞ்சு இருபத்தஞ்சு. நாப்பத்தி மூணு அப்படி வராது. நானும் முதல்ல அதைத்தான் பாத்தேன். பேனாவை வட்டத்துல வச்சிட்டேன் சார். அப்பப் பாத்துக் கண்ணுல படுது. பதினாறு, ஒண்ணும் ஆறும் ஏழு. இருபத்தஞ்சு, ரெண்டும் அஞ்சும் ஏழு. நாப்பத்தி மூணு, நாலும் மூணும் ஏழு. ஒன்பது மட்டும் ஏழாகலை. அப்ப பொருந்தாதது எது? ஒன்பது!

எனக்கு வேர்த்துப் போச்சு. ரெண்டு விடை இருக்கு, ரெண்டும் சரி. எதைப் போடுறது? கேட்டவன் சாதாரண ஆளா, விவரமான ஆளா? சாதாரண ஆளுன்னா நாப்பத்தி மூணு. விவரமான ஆளுன்னா, நாம நாப்பத்தி மூணுலயே விழுந்துருவோம்னுதான் இப்படி வச்சிருப்பான். இருபத்தி ரெண்டு நிமிசம் அங்கேயே இருந்தேன். கடைசியில ஒன்பதுன்னு போட்டேன். திருப்தியா இருந்துச்சு. முடியும்போது பதினேழு கேள்வி வாசிக்கவே நேரமில்லாம எல்லாத்துக்கும் இரண்டாவது வட்டத்தையே கறுப்பாக்கிட்டு வந்தேன். அது வேற விஷயம்.

வெளிய வந்தா உலகு எனக்கு முன்னாடியே வந்து குழாயில முகம் கழுவிக்கிட்டு நிக்கா. பத்து நிமிசம் முந்தியே முடிச்சிட்டாளாம். 'நூத்தி முப்பத்தேழு என்ன போட்டே?'ன்னு கேட்டேன். 'அது எதுன்னு ஞாபகம் இல்லைங்க'ன்னா. பாருங்க, அவ்வளவு பெரிய கேள்வி, ஞாபகமே இல்லை.

பத்து நாள்ல விடைக்குறிப்பு வந்துச்சு, வாரியத்தோட இணையதளத்துல. நான் ரெண்டு கேள்வித்தாளையும் வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாத் திருத்துனேன். அவளுக்கு முந்நூத்துக்கு இருநூத்தி நாப்பது. நான் மறுபடியும் கூட்டிப் பாத்தேன். இருநூத்தி நாப்பதுதான். பெண்களுக்கான பட்டியல்ல அது விளிம்புல நிக்கிற மார்க்கு. கிடைச்சாலும் கிடைக்கும், போனாலும் போகும்னு மரத்தடியில எல்லாரும் சொன்னாங்க. என் மார்க்கு என்னன்னு கேக்காதீங்க, அதுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

நூத்தி முப்பத்தேழுக்கு நாப்பத்தி மூணுதான் விடைன்னு போட்டிருந்தாங்க. உலகு அதைத்தான் போட்டிருந்தா. நான் போட்டது தப்பாம்.

எப்படி இருக்கும் சொல்லுங்க. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. குறிப்புல தப்பு இருந்தா ஏழு நாளைக்குள்ள ஆட்சேபணை அனுப்பலாம்னு கீழயே போட்டிருந்தாங்க. நான் உக்காந்து எழுத ஆரம்பிச்சேன். உலகு முறத்தை இறக்கி வச்சிட்டு வந்தா.

"ஏங்க, அனுப்பாதீங்க"ன்னா.

"ஏன்?"

"எனக்கு அதுல மார்க்கு இருக்கு. நான் போட்டது சரின்னுதான் வந்திருக்கு. அதைப் போயி ஏன் கிளறுதீங்க?"

"உன் மார்க்கை யாரு பிடுங்கப் போறா? உனக்கு அப்படியே இருக்கும். ஒன்பது போட்டவங்களுக்கும் குடுன்னுதான் கேக்கேன். தப்புன்னா தப்புதானே உலகு?"

"மத்தவங்களுக்குக் கூடுனா எனக்குக் குறைஞ்ச மாதிரிதானங்க? தப்பு இருந்துட்டுப் போகட்டும். இந்த ஒரு தடவை விட்டுருங்க."

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஏழு, ஏழு, ஏழு, ஒன்பது. தாள்ல எழுதிக் காட்டுனேன். அவ அதைப் பாக்கக்கூட இல்லை. சுவத்தைப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "அப்படிப் பாத்தா பதினாறு மட்டும்தான் இரட்டைப்படை. இருபத்தஞ்சு மட்டும்தான் அஞ்சால வகுபடும். நாலுக்கும் காரணம் சொல்லலாம்ங்க. அங்கயே பாத்தேன். கேட்டவரு மனசுல எது இருந்திருக்கும்னு யோசிச்சேன், அதைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

பாருங்க சார். பதினாறு இரட்டைப்படை! இருபத்தி ரெண்டு நிமிசம் உத்துப் பாத்தவன் நான், எனக்கு அது தோணலை. குருட்டாம்போக்குல அவளுக்குத் தோணியிருக்கு. சில நேரம் அப்படி அமையும்.

"சரி, அனுப்பலை"ன்னு சொன்னேன். அப்ப நெசமாத்தான் சொன்னேன். அவ முறத்துக்குத் திரும்பிப் போயிட்டா.

ஆறு நாள் பொறுத்தேன். ஏழாவது நாள், சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு இணையதளத்தை மூடிருவாங்க. நாலு மணிக்கு மேல என்னால இருக்க முடியலை. ஒரு தப்பான கேள்வி, அது தப்புன்னு எனக்குத் தெரியும், சொல்லாம விட்டா நானும் கூட்டாளிதானே? நீங்க படிச்சவரு மாதிரித் தெரியுது, நீங்களே சொல்லுங்க. நீங்க விட்டிருப்பீங்களா?

சரி, யோசிச்சுப் பிறகு சொல்லுங்க.

உலகு சுத்துன பீடியைக் குடுக்கக் கடைக்குப் போயிருந்தா. நான் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயி உக்காந்தேன். என் பாஸ்வேர்டை மூணு தடவை தப்பாப் போட்டு என் கணக்கு பூட்டிக்கிட்டு. மணி அஞ்சே கால். அவ பதிவெண்ணும் பாஸ்வேர்டும் எனக்கு மனப்பாடம், நான்தானே அவளுக்குப் போட்டுக் குடுத்தேன். அவ போன் வீட்டுல சார்ஜ்ல கிடந்துச்சு. சைக்கிள்ல பறந்து போயி அதை எடுத்துட்டு வந்து, அதுல வந்த ஓடிபி நம்பரை அடிச்சு, அவ பேருலயே ஆட்சேபணையை அனுப்பிட்டேன். மணி அஞ்சு நாப்பது. அவ சொன்ன இரட்டைப்படை, அஞ்சால வகுபடுறது, அதையும் சேர்த்துத்தான் எழுதினேன். நாலு விடைக்கும் நாலு காரணம். நாலையும் வரிசையாப் படிச்சப்ப எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு. அதை அப்படியே என் பேருக்கு ஆக்கிக்கிட்டேனா? இல்லை. அவ பேருலதான் போச்சு. ஒரு விதத்துல அவளுக்குத்தானே பெருமை?

ஒரு மாசம் கழிச்சு அவ போனுக்கு மெசேஜ் வந்துச்சு. தங்கள் ஆட்சேபணை வல்லுநர் குழுவால் ஏற்கப்பட்டது, அந்தக் கேள்விக்கு விடையளித்த அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்படும். நான் அப்ப முற்றத்துல சைக்கிள் துடைச்சுக்கிட்டு இருந்தேன். அவ படிச்சா. மறுபடியும் படிச்சா.

"என் நம்பர்லயா போட்டீங்க?"ன்னு கேட்டா.

"என்னோடது பூட்டிக்கிட்டு உலகு. ஏத்துக்கிட்டாங்களா? குடு பாப்போம்!"

போனை என் கையில குடுத்துட்டு உள்ள போயி முறத்தை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா. ஒரு வார்த்தை கோபமாப் பேசலை சார். கோபம் இருந்தா பேசியிருப்பாளா இல்லையா? அன்னைக்கு வழக்கத்தைவிட முந்நூறு பீடி கூடச் சுத்துனா.

நான் போனோட மரத்தடிக்கு ஓடுனேன். அங்க பாக்கணுமே! பயலுக என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. ஒன்பது போட்டவன், பதினாறு போட்டவன் எல்லாரும் கும்பிடுதான். ஒருத்தன் அதைப் பெருசா அச்சடிச்சு மரத்துலயே ஒட்டுனான். பதினாலு வருசத்துல அன்னைக்குத்தான் சார் நான் பாஸான மாதிரி இருந்துச்சு. வாரியமே தலையாட்டிருக்கு, திருமலைக்குமார் சொன்னது சரின்னு. அதாவது, உலகம்மாள் சொன்னது சரின்னு.

ரெண்டு மாசத்துல பட்டியல் வந்துச்சு. பெண்கள்ல கடைசிப் பேருக்கு இருநூத்தி நாப்பத்தி ஒண்ணரை. உலகுக்கு இருநூத்தி நாப்பது.

ஒன்றரை மார்க்கு. ஒரே ஒரு கேள்வி.

நீங்க என்ன நினைக்கீங்கன்னு தெரியுது. என் தங்கச்சி வீட்டுக்காரனும் இதையே சொன்னான், ஊருல வேற சிலரும் சொன்னாங்க. ஆனா அப்படி நேர்கோடு போட்டுச் சொல்ல முடியாது சார். எத்தனை பேருக்கு அந்த ஒன்றரை கூடுச்சு, அதுல எத்தனை பெண்கள், அதுல எத்தனை பேர் அவளைத் தாண்டுனாங்க, எதுவும் நமக்குத் தெரியாது. புதிர்ப் பகுதியில அப்படிப்பட்ட கேள்விக்குன்னே ஒரு விடை வச்சிருப்பாங்க, 'தகவல் போதாது'ன்னு. அதுதான் இதுக்கு விடை. தகவல் போதாது.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. தூத்தல் உள்ள அடிக்கு.

பட்டியல் வந்த மூணாம் நாள் பிரிசில்லா வந்துச்சு. மரத்தடியில படிச்ச பிள்ளை, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும். அப்பா கிடையாது. என்னை அண்ணேம்பா, உலகுவை மைனிம்பா. கையில அல்வா டப்பா. உள்ள வந்ததும் என் காலைத் தொட்டுருச்சு. "அண்ணே, கடைசிப் பேரு நான்தான். நூத்தி முப்பத்தேழுக்குப் பதினாறுன்னு போட்டிருந்தேன். நீங்க அந்தக் கேள்வியை எடுத்துப் போராடலைன்னா நான் இல்லண்ணே"ன்னு சொல்லுதா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

உலகு டீ போட்டுக் கொண்டுவந்து குடுத்தா. "எந்த ஊருல போட்டிருக்காங்க பிரிசில்லா?"ன்னு கேட்டா. மதுரைன்னு சொல்லுச்சு. "நல்ல ஊரு. அம்மாவையும் கூட்டிட்டுப் போ"ன்னா.

"மைனி, உங்களுக்கு எவ்வளவு?"

"எனக்கு அமையலைம்மா."

"எவ்வளவு மைனி?"

உலகு அல்வாவைத் தட்டுல எடுத்து வச்சுக்கிட்டு இருந்தா. நான்தான் சொன்னேன், இருநூத்தி நாப்பது, ஒன்றரையில போச்சுன்னு. பிரிசில்லா டீயைக் கீழ வச்சிருச்சு. "அதுக்கு முந்தி எனக்கும் இருநூத்தி நாப்பதுதான் மைனி"ன்னு மெதுவாச் சொல்லுச்சு. மார்க்கு ஒண்ணா இருந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தான் முதல்ல. அந்த விதி எங்க மூணு பேருக்கும் தெரியும். பிறகு அந்தப் பிள்ளை அழ ஆரம்பிச்சுட்டு. உலகு போயி அதோட தலையைத் தடவிக்கிட்டே, "நீ ஏன் அழுத? நீ படிச்ச, எழுதுன. கிடைச்சிருக்கு. போயி நல்லா இரு"ன்னு சொன்னா. வேலை கிடைச்ச சந்தோசத்துல சில பிள்ளைக அப்படி அழும். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

அதுக்கப்புறம் உலகு புத்தகத்தை எல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டா. வீட்டுல முன்ன மாதிரிதான் சமைச்சா, பேசுனா. ஆனா 'ஏங்க, இது எப்படிங்க?'ன்னு என்கிட்ட எதையும் கேக்குறது நின்னு போச்சு. கேஸ் சிலிண்டர் தீந்து போனா அவளே பதிஞ்சுக்கிடுவா. பொண்ணுக்குக் கணக்கு வரலைன்னாலும் என்கிட்ட அனுப்ப மாட்டா. நான் நல்லதுதானேன்னு இருந்தேன், கேள்வி குறைஞ்சா மனுசனுக்கு நிம்மதி. ஒரு வருசம் அப்படிப் போச்சு. அப்பத்தான் பிரிசில்லா மதுரையில இருந்து போன் பண்ணி, லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன் வேலை இருக்கு மைனின்னு சொல்லியிருக்கு. உலகு என்கிட்ட வந்து, "நான் போறேன், பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்"ன்னா. "எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டேன். "ஸ்கூல் முடியட்டும்"ன்னா. எந்த வருசம்னு அவ சொல்லலை, நானும் கேக்கலை.

இப்ப, இந்த வருசம், அந்த வாரியம் மறுபடியும் ஆள் எடுக்கு. வயசு வரம்பை ரெண்டு வருசம் தளர்த்திட்டாங்க, நாப்பத்தி ரெண்டு. எனக்கு நாப்பத்தி மூணு. உலகுக்கு நாப்பத்தொண்ணு. அறிவிப்பைப் பாத்ததும் நான் அவளுக்குப் போன் பண்ணேன். "பாத்தேன்"னா. "எழுதுதியா?"ன்னேன். "பாப்போம்"னா. அவ்வளவுதான். நானும் வற்புறுத்தலை. மூணு வருசமாப் புத்தகத்தைத் தொடாதவ, பாவம்னு நினைச்சேன்.

போன புதன்கிழமை பொண்ணு போன்ல சொல்லுதா, "அப்பா, இந்த ஞாயித்துக்கிழமை வராதீங்க. அம்மாவுக்குப் பரீட்சை." என்ன பரீட்சைன்னு கேட்டா, அந்தப் பக்கம் உலகு குரல் கேக்கு, போனை வைன்னு.

ஏழு மாசமாப் படிச்சிருக்கா சார். ஹாஸ்டல் பிள்ளைக எல்லாம் காலேஜுக்குப் போன பிறகு, அந்த ரெண்டு நாற்காலி போட்ட ரூம்ல உக்காந்து. நான் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை வந்து உக்காந்த அதே ரூம்ல. பிரிசில்லாதான் புத்தகம் வாங்கிக் குடுத்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. புதிர்ப் பகுதிக்கு அவ யாருகிட்டக் கேட்டிருப்பா? எனக்கு அதுதான் கவலை. அறுபத்தி மூணு பேரை ஏத்தி விட்டவன், சொந்த வீட்டுக்காரிக்குச் சொல்லிக் குடுக்க மாட்டேனா?

வராதீங்கன்னு சொன்னாலும் எனக்கு இருப்புக் கொள்ளலை. பொண்ணுகிட்டயே சென்டரைக் கேட்டுக்கிட்டு இன்னைக்குக் காலையில வந்துட்டேன். பத்து மணிக்குக் கேட்டைச் சாத்துனதுல இருந்து எதுத்தாப்புல ஒரு கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நின்னேன். ஒரு மணிக்கு விட்டாங்க. எவ்வளவு கூட்டம்! எல்லாரு கையிலயும் கேள்வித்தாள், நடந்துக்கிட்டே பாக்காங்க, இதுக்கு என்ன அதுக்கு என்னன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்காங்க. எனக்கு அந்தச் சத்தமே போதும். அதுக்கு நடுவுல உலகு வாரா. கையில தண்ணி பாட்டிலும் ஹால் டிக்கெட்டும் மட்டும்தான். தலைமுடி முன்னால கொஞ்சம் நரைச்சிருக்கு. அந்த ரூம் வெளிச்சத்துல எனக்குத் தெரிஞ்சதில்லை.

என்னைப் பாத்ததும் நின்னுட்டா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா.

"அது கிடக்கட்டும், கேள்வித்தாளைக் குடு. பஸ்ஸுல பாத்துக்கிட்டே போறேன்."

"ஹால்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"அதைக் கையோட கொண்டுட்டு வரலாம்லா உலகு? எல்லாரும் கொண்டுட்டு வாராங்க பாரு."

"தெரியும்"னா.

மறதி. எல்லாத்துலயும் கவனமா இருக்கிறவ, இதுல கோட்டை விட்டுட்டா. நான் திரும்ப ஓடிப் போயி எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். வேண்டாம்னு என் கையைப் பிடிச்சா. சார், அவ என் கையைப் பிடிச்சு மூணு வருசம் இருக்கும். அதனால நானும் ஓடலை.

பக்கத்துல ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனா. எனக்குப் பிடிச்ச கூட்டை அவ இலையில இருந்து எடுத்து எனக்கு வச்சா. முகத்துல ஒரு தெளிச்சி, பரீட்சையை நல்லா எழுதியிருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சுச்சு. எத்தனை விட்டேன்னு கேட்டேன். ஒண்ணும் விடலைன்னா. நேரம் பத்துச்சான்னு கேட்டேன். கால் மணி நேரம் மிச்சம்னா. எனக்கு மனசு கேக்கலை. ரசம் ஊத்துற வரைக்கும் அடக்கிப் பாத்தேன், முடியலை.

"உலகு, தப்பான கேள்வி ஏதாவது இருந்துச்சா? ரெண்டு விடை வர மாதிரி, ஏதாவது?"

பிசைஞ்ச கையை அப்படியே இலையில வச்சிட்டு என் முகத்தைப் பாத்தா. பரிமாறுற ஆளு மோரோட பக்கத்துல வந்து நின்னுட்டு, திரும்பிப் போயிட்டான்.

"இல்லைங்க. இருநூறும் சரியான கேள்வி"ன்னா.

இருநூறும் சரியான கேள்வியாம் சார். பதினெட்டு வருசமா நான் பாக்கேன், அப்படி ஒரு பேப்பர் வந்ததே கிடையாது.